இருநூறு பாருக்குச் சான்றிதழ், அரை பாருக்குத் தலைமறைவு

இது நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் முழுவதும் படித்தபின் வசைபாடலாம்; நேரமில்லாதவர்கள் இப்பொழுதே தொடங்கலாம்.

‘பார்’ என்பது இங்கே அழுத்தத்தின் அலகு. கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். இந்த அலகைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தைச் சற்றே நோக்குவோம்.

ஒருவர் தம் பெட்ரோல் காரின் பின்புறத்தில், 200 பார் அழுத்தத்தில் இயற்கை எரிவாயு நிரம்பும் உருளையைப் பொருத்திக்கொள்ளலாம். அவ்வுருளைக்கு ஓரிரு முழத் தொலைவில், பின்னிருக்கையில், அவருடைய தாயாரும் பிள்ளைகளும் அமர்ந்து செல்வார்கள். இதைச் சட்டம் அனுமதிக்கின்றது. அனுமதிப்பதில் தவறும் இல்லை. ஏனெனில் அதற்கென்று ஒரு நெறி வகுக்கப்பட்டிருக்கின்றது. பொருத்தும் கருவித்தொகுதி சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற பட்டறையே அதைப் பொருத்த வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அம்மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் குறிக்க வேண்டும். உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஆபத்தான பொருள்தான், ஆயினும் அந்த ஆபத்துக்கு ஒரு பெயரும் ஒரு கணக்கும் ஒரு கையொப்பமும் இருக்கின்றன.

இதே மனிதர் தம்மிடமுள்ள இருபதாண்டுப் பழைய காரின் என்ஜினில் ஒரு டர்போவைப் பொருத்தி, உள்ளே செல்லும் காற்றை அரை பார் கூடுதலாக அழுத்த விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் எந்த அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்? எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்? எந்தப் பொறியாளர் வந்து பார்ப்பார்? விடை ஒன்றே: எவரும் இல்லர். சோதனையில் தோற்பதற்குக்கூட வழியில்லை. சோதனை என்ற ஒன்றே இல்லை.

அதனால் டர்போ பொருத்துவது நின்றுவிட்டதா? புனேயில் நிற்கவில்லை, மும்பையில், பெங்களூருவில், தில்லியில் நிற்கவில்லை. தடை அச்செயலை நிறுத்தவில்லை. அச்செயலைச் சோதிப்பதை மட்டுமே நிறுத்தியிருக்கின்றது. இப்பதிவின் வாதம் இவ்வளவே. எஞ்சியவை சான்றுகள்.

முதலில், பேசுபொருளாகிய காரைப் பற்றி. 2001ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த ஃபியட் பாலியோவில் 1.6 லிட்டர் வகை ஒன்று உண்டு. பதினாறு வால்வுகள், 100 குதிரைத்திறன். நம் சாலைகளை நிறைத்திருந்த மாருதி 800 ஐம்பது குதிரைத்திறனைத் தொடாத காலம் அது. சிறிய உடலில் பெரிய என்ஜினை வைக்கும் ‘ஹாட் ஹேட்ச்’ என்னும் மரபை இந்தியர் பலர் முதன்முதலில் சுவைத்தது அந்தக் காரில்தான். இன்று பழைய கார் சந்தையில் அது மலிவு. கனமான கதவும் நம்பத்தக்க கைத்திருப்பமும் கொண்ட அக்காரை விரும்பி வாங்கிப் பேணுகின்ற இளைஞர்கள் புனேயில் பலர். வாங்கிய சில மாதங்களில் அவர்களுட் சிலருக்கு ஓர் ஆசை பிறக்கும்: “இதற்கு ஒரு டர்போ வைத்தால் எப்படியிருக்கும்?”

இந்த ஆசையை நான் இகழவில்லை. வெளியேறும் புகையோடு வீணாகும் ஆற்றலைக் கொண்டே ஒரு சுழலியைச் சுற்றி, அச்சுழலியால் காற்றை அழுத்தி, அதே என்ஜினுக்கு ஊட்டலாம் என்று ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். எரிதலைப் பற்றி ஆய்வு செய்யும் எனக்கு, அதைவிட அழகிய கருத்து இத்துறையில் அதிகமில்லை. என் சினம் வேறிடத்தில் இருக்கின்றது. அது எங்கே பிறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் நண்பர் ஒருவர் அத்தகைய பாலியோ ஒன்றுக்கு டர்போ பொருத்தினார். முல்ஷியிலிருந்து கொங்கணத்துக்கு இறங்கும் தாம்ஹிணி மலைப்பாதையில் ஒரு ஞாயிறு காலை அக்காரின் இடப்பக்க இருக்கையில் நான் அமர்ந்திருந்தேன். ஏறும்போது அந்த என்ஜின் பாடியது என்றே சொல்வேன். இறங்கும்போது, ஒவ்வொரு வளைவுக்கும் இடையிலுள்ள சிறு நேர்பாதையில், அக்கார் முன்னர் ஒருபோதும் எட்டாத வேகத்தை எட்டிற்று. ஒவ்வொரு வளைவிலும் அவ்வேகம் முழுவதையும் பழைய பிரேக்கு விழுங்க வேண்டியிருந்தது. சில வளைவுகளுக்குப் பின் கருகிய வாடை வந்தது. அதற்கடுத்த வளைவில் நண்பர் மிதித்த பெடல் எதிர்ப்பின்றித் தரையைத் தொட்டது. முன்னால் ஒரு ஸ்கூட்டர். அதில் கணவன், மனைவி, இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை. நண்பர் கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, காரை மலைச்சுவரில் உரசி நிறுத்தினார். ஸ்கூட்டர் எதையும் அறியாமல் வளைவில் மறைந்தது. அந்தக் குழந்தைக்கு அன்று என்ன நேரவிருந்தது என்பது இன்றுவரை எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

திரும்பி வந்தபின் டர்போ பொருத்திய பட்டறைக்குச் சென்றோம். “இந்த வேலை இங்கே செய்ததற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். நண்பர் பட்டியலை எடுத்துக் காட்டினார். அதில் ‘பொதுப் பராமரிப்பு’ என்ற இரு சொற்களும் ஒரு பெருந்தொகையும் மட்டுமே இருந்தன. டர்போ என்ற சொல் அத்தாளில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது, சட்டம் ஒப்பாத வேலைக்கு எவர் பட்டியல் எழுதுவார்? காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோர நண்பர் துணியவில்லை. கோரினால் முன்மூடியைத் திறந்து காட்ட வேண்டும். காவல் நிலையத்துக்கோ நுகர்வோர் மன்றத்துக்கோ செல்லவும் வழியில்லை. சென்றால் முதற் குற்றவாளி அவரே. பட்டறைக்காரரின் அலட்சியத்துக்குச் சட்டமே அரணாக நின்ற அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். “அரை பார்தானே, பழைய என்ஜின் இரும்பு, தாங்கும்” என்பதே இக்கலையின் அன்றாட மந்திரம். அந்த மந்திரத்தைச் சற்றே பிரித்துப் பார்க்கலாம்.

கோடை நண்பகலில் 35 டிகிரி வெப்பத்தில் காற்று டர்போவுக்குள் நுழைகின்றது. அரை பார் கூடுதலாக அழுத்தும்போது, அழுத்தியின் பயனுறுதிறன் 70 விழுக்காடு என்று தாராளமாகக் கொண்டாலும், அக்காற்று ஏறத்தாழ 90 டிகிரிக்குச் சூடேறி வெளிவரும். அழுத்தம் ஒன்றரை மடங்கு உயர்ந்தும், வெப்பத்தால் காற்று விரிந்துவிடுவதால் அடர்த்தி 28 விழுக்காடு அளவே உயர்கின்றது. இடையில் ஒரு இன்டர்கூலரை வைத்து 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் அவ்வுயர்வு 43 விழுக்காட்டை நெருங்கும். ஆக, இன்டர்கூலர் வைக்காத ‘மலிவுத் தொகுதி’ வாங்குபவர் பெறுவது குறைந்த திறன்; கூடவே பெறுவது கொதிக்கும் காற்று.

இந்தக் கொதிக்கும் காற்றுதான் நாக்கிங்கின் தாய். பொறி பற்றவைத்த தீச்சுடர் சிலிண்டரின் மறுகரையை அடைவதற்கு முன்பே, அங்கே நெருக்குண்டு கிடக்கும் கலவை தானாகவே வெடித்தெழுவது நாக்கிங். வெப்பமும் அழுத்தமும் கூடக்கூட அது விரைவில் வரும். டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்று வடிவமைத்த என்ஜினில் சுருக்க விகிதம் உயர்வாகவே வைக்கப்பட்டிருக்கும். ஏனெனில் அதற்குக் கிடைப்பது வெறும் வளிமண்டலக் காற்று. அதன்மேல் இன்னும் அரை பாரை ஏற்றினால், பொறி பற்றும் தருணத்தைப் பின்தள்ளியே தீர வேண்டும். தள்ளாவிட்டால் பிஸ்டனின் விளிம்பு உடையும். பிஸ்டனின் மேல் ரிங்குக்கு இரு முனைகளுண்டு; அவற்றுக்கிடையே மயிரிழை போன்ற இடைவெளி விடப்பட்டிருக்கும். பழைய வெப்பத்துக்கு அளந்து விட்ட இடைவெளி அது. புதிய வெப்பத்தில் ரிங் விரிந்து, இரு முனைகளும் முட்டிக்கொண்டால், ரிங் தான் அமர்ந்திருக்கும் பிஸ்டன் விளிம்பையே பெயர்த்தெடுத்துவிடும். இரும்பு தாங்குமா என்று கேட்பவர்கள், உடையப்போவது அலுமினியம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது எரிபொருள். காற்று 43 விழுக்காடு கூடினால் பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். 100 குதிரைத்திறனுக்கு அளந்து வைத்த இன்ஜெக்டர் அவ்வளவைத் தராது. இன்று நம் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும். அவ்வகையில் அது டர்போவுக்கு நண்பன். ஆனால் அதே அளவு காற்றுக்கு அது ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலான எரிபொருளைக் கேட்கும். இருபதாண்டுப் பழைய ரப்பர்க் குழாய்களோடும் அதற்கு உறவு நல்லதன்று. இவற்றையெல்லாம் பழைய கணினி தானே சரிசெய்துகொள்ளும் என்று நம்புவது பேதைமை. டர்போ இல்லாத காரில் உள்ள அழுத்த உணரி பெரும்பாலும் 1 பாருக்குச் சற்று மேல்வரையே அளக்கும். அதற்கு மேலே அது குருடு. குருடனிடம் வழி கேட்டுக்கொண்டு மலையிறங்குவதற்குத்தான் ‘முதல் நிலை ட்யூனிங்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, டர்போவே எங்கிருந்து வருகின்றது என்பது. புதிய டர்போ விலையுயர்ந்தது. பழைய இரும்புக் கடைகளில் டீசல் கார்களின் டர்போக்கள் குவிந்து கிடக்கின்றன. பல நிறுவனங்களின் கார்களிலும் இடம்பெற்றதால் ‘தேசிய என்ஜின்’ என்று வேடிக்கையாக அழைக்கப்பட்ட 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலின் டர்போவைக் கழற்றி, பெட்ரோல் என்ஜினில் மாட்டுவது பரவலான வழக்கம். அளவில் அது பொருந்தும். வெப்பத்தில் பொருந்துமா என்று எவரும் கேட்பதில்லை. முழுத்திறனில் ஓடும் பெட்ரோல் என்ஜினின் புகை, டீசல் புகையைவிட நூறு டிகிரியோ அதற்கு மேலோ சூடானது. 900 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. டீசலுக்கென்று தேர்ந்த உலோகமும் நகரும் இதழ்களும் அவ்வெப்பத்தில் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நிமிடத்தில் லட்சம் முறைக்கு மேல் சுழலும் தண்டு அது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அந்த எண்ணெய் தடையின்றிக் கீழே வடிய ஒரு தடித்த குழாய் வேண்டும் என்பதைக்கூட அறியாமல் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை சொன்னபின்னும், “ஆக, பழைய என்ஜினில் டர்போ வைக்கவே கூடாது என்கிறாய்” என்று எவரேனும் முடித்தால், அவர் என்னைப் படிக்கவில்லை. வைக்கலாம். எப்படி வைப்பது என்பதைக் கார் நிறுவனங்களே நமக்குக் காட்டியிருக்கின்றன. 1973ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ தன் 2002 காருக்கு டர்போ பொருத்தியபோது, சுருக்க விகிதத்தை 6.9 அளவுக்குத் தாழ்த்தியது. நம் கண்முன்னே நடந்த எடுத்துக்காட்டும் உண்டு. ஃபியட் லீனியாவில் டர்போ இல்லாத 1368 சிசி என்ஜின் 90 குதிரைத்திறனும் 115 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. அதே கொள்ளளவில், அதே குடும்பத்தில் பிறந்த டி-ஜெட் என்னும் டர்போ என்ஜின் 2010ஆம் ஆண்டு அக்காரில் வந்தபோது 114 குதிரைத்திறனும் 207 நியூட்டன் மீட்டரும் தந்தது. பலர் இங்கே நிறுத்திவிட்டு, “பார்த்தாயா, அதே என்ஜின்தான்” என்பார்கள். நிறுத்தாமல் சக்கரங்களையும் பார்க்கச் சொல்கிறேன். சாதாரண லீனியாவின் பின்சக்கரங்களில் இருந்தது டிரம் பிரேக். டி-ஜெட்டில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். 2017ஆம் ஆண்டு மாருதி தன் பலேனோவுக்கு 1.0 லிட்டர் டர்போ என்ஜினைக் கொடுத்து ஆர்.எஸ். என்று பெயரிட்டபோதும், பின்சக்கரங்களில் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் வைத்தது. குதிரைத்திறனை உயர்த்தியவர்கள் முதலில் கைவைத்த இடங்களுள் ஒன்று பிரேக். நம் பட்டறைகள் கடைசியில்கூடக் கைவைக்காத இடமும் அதுவே.

ஏன் பிரேக் என்பதற்குப் பள்ளிப் பாடக்கணக்கே போதும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியாக உயரும். மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும் காரை நிறுத்த வேண்டிய ஆற்றலைக் காட்டிலும், 130 கிலோமீட்டரில் செல்லும் அதே காரை நிறுத்த 69 விழுக்காடு கூடுதலான ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். அது அத்தனையும் வெப்பமாகும். பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது டாட் 4 வகைக்கு வகுத்த அளவு. ஈரம் உறிஞ்சிய பின் அவ்வளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். தாம்ஹிணியில் நாங்கள் கேட்காமலே பெற்ற பாடம் இந்த இரு எண்களுக்கும் இடைப்பட்டது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றலாகாது என்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன் 4ஆம் உட்பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும். கவனியுங்கள்: அவ்வுட்பிரிவு சுட்டுவது உரிமையாளரை. தவறான டர்போவைப் பொருத்திய கை அதில் பேசப்படவில்லை.

தீர்ப்பின்மீது எனக்குக் குறையில்லை. நீதிமன்றம் எழுதியிருக்கும் சட்டத்தையே படிக்கும். குறை, எழுத வேண்டியதை எழுதாமல் விட்டவர்கள்மீது. ஏனெனில் அதே 2019 திருத்தம் 52ஆம் பிரிவில் மற்றொரு வரியையும் சேர்த்தது: வாகன மாற்றங்களுக்கான தர அளவுகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் ஒன்றிய அரசு விதிகளாக வகுக்கலாம் என்று. எரிவாயுக்கு விதி இருக்கின்றது. பழைய காரை மின்மோட்டாரால் ஓட மாற்றுவதற்கும் விதி இருக்கின்றது. டர்போவுக்கு இல்லை. நாடாளுமன்றம் வாயிற்சட்டத்தை நிறுத்திவிட்டது. கதவு மாட்டவேண்டிய தச்சன் வரவேயில்லை.

வராததன் விளைவைக் கேளுங்கள். பதினைந்து ஆண்டு முடிந்த தனியார் காரை மறுபதிவு செய்யும்போது அலுவலர் அதைப் பார்வையிட வேண்டும். என் நண்பருக்கு முன்பு வேறொரு டர்போ காரை வைத்திருந்தவர் பெருமையோடு சொன்ன செய்தி இது: மறுபதிவுக்கு முந்தைய நாள் டர்போவைக் கழற்றி, பழைய குழாயை மாட்டி, காட்டிவிட்டு வந்து, மறுநாள் மீண்டும் பொருத்திக்கொண்டாராம். அக்காரை அரசு பார்த்த ஒரே நாளில்தான் அதில் டர்போ இல்லை. மாசுச் சான்றிதழின் கதையும் இதுவே. வாகனத்தை நிறுத்தி வைத்து, சுமையின்றி என்ஜின் ஓடும்போது அளக்கும் சோதனை அது. டர்போ அழுத்தம் கொடுப்பது சுமையில். அதனால் கரும்புகை கக்கும் டர்போ காரும் நிற்குமிடத்தில் உத்தமனாகத் தேர்ச்சி பெறும்.

எதிர்வாதங்களை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது ஆய்வாளனுக்கு அழகன்று. மூன்று வாதங்கள் என் காதுக்கு எட்டியிருக்கின்றன.

முதலாவது: “இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, ஏழை நாட்டின் அரசு இதற்கேன் நேரம் செலவிட வேண்டும்?” விளையாடுபவர் யாராயினும் ஆகட்டும். எதிரில் வரும் ஸ்கூட்டரில் இருப்பவர் யார் என்று பாருங்கள். நம் சாலைகளில் உயிரிழப்போரில் மிகப் பெரும் பங்கினர் இருசக்கர வாகனத்தினரும் நடந்து செல்வோரும். சோதனை அவர்களுக்காக. டர்போக்காரருக்கு அது ஒரு தொல்லையாகவே இருக்கும், இருக்கட்டும்.

இரண்டாவது: “சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்தினால் போதும், பிடித்துத் தண்டித்தால் நின்றுவிடும்.” வெளியே தெரியும் அலங்கார விளக்கையும் அதிரும் புகைக்குழாயையும் சாலையில் நின்று பிடிக்கலாம். முன்மூடிக்குக் கீழே, வெப்பத்தகட்டுக்குப் பின்னே, கையளவுப் பொருளாக இருக்கும் டர்போவைப் பிடிக்க ஒவ்வொரு காவலருக்கும் பொறியியல் கற்பிக்க வேண்டும். அன்றியும், தடை தீவிரமாகும்தோறும் முதலில் விலகுபவர்கள் நேர்மையான கைவினைஞர்களே. அளந்து செய்பவர், கருவி வாங்கியவர், பெயரைக் காக்க விரும்புபவர் அஞ்சி ஒதுங்குவார். எஞ்சுபவர் பட்டியலில் ‘பொதுப் பராமரிப்பு’ என்று எழுதும் பேர்வழி.

மூன்றாவது வாதம் நம் ஆர்வலர் கூட்டத்திலிருந்தே வருகின்றது, அதுவே எனக்கு அதிக வலி தருவது: “அரசு தலையிட்டால் இந்தக் கலையே செத்துவிடும், எங்களை விட்டுவிடுங்கள்.” அன்பர்களே, உங்கள் கலை இன்று எப்படி வாழ்கின்றது? ஒருவர் கற்ற பாடம் அடுத்தவருக்குச் செல்வதில்லை. உடைந்த பிஸ்டனின் படத்தை எவரும் பகிர்வதில்லை. டைனோவில் வந்த பெரிய எண்ணை மட்டுமே பகிர்கிறீர்கள். அந்த எண் எந்த வெப்பத்தில், எந்த எரிபொருளில், எத்தனை முறை எடுத்தது என்று கேட்டால் பகை. வெற்றியை மட்டும் எழுதிவைத்துத் தோல்வியைப் புதைக்கும் ஆய்வேட்டை எந்தத் தேர்வாளரும் ஏற்கமாட்டார். ஜெர்மனியில் மாற்றம் செய்த வாகனத்தை அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சோதித்து, வாகன ஆவணத்தில் பதிகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதித்தொகுப்பு இத்தகைய என்ஜின் மாற்றங்களைப் பெயர் சொல்லிப் பேசுகின்றது. அவ்விரு நாடுகளிலும் இக்கலை சாகவில்லை, பகலில் நடமாடுகின்றது.

வெறுமனே குறை சொல்லிப் போக விருப்பமில்லை. என் கோரிக்கைகள் இவை.

திறன் உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு வகுக்கட்டும். மூலத் திறனில் 30 விழுக்காடு வரை என்று தொடங்கலாம் என்பது என் கருத்து. அதைக் குறைக்கச் சொல்பவரோடும் கூட்டச் சொல்பவரோடும் விவாதிக்க ஆயத்தமாக இருக்கிறேன். டர்போத் தொகுதிகளைச் சோதித்து ஒப்புதல் தரும் பணியை, எரிவாயுத் தொகுதிகளுக்குச் செய்வதைப் போலவே, புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்களிடம் ஒப்படைக்கட்டும். பொருத்தும் பட்டறைக்கு உரிமம் வேண்டும். காற்றழுத்தம், காற்று-எரிபொருள் விகிதம், பொறி பற்றும் தருணம் ஆகிய மூன்றையும் முழுச்சுமையில் அளந்து, ஒரு தாளில் எழுதி, அப்பட்டறை கையொப்பமிட வேண்டும். டர்போ அழுத்தம் பிரேக்கின் வெற்றிட உதவிக் கருவிக்குள் பின்னோக்கிச் செல்லாதபடி தடுக்கும் வால்வு உட்பட, பிரேக் முழுவதையும் தனியே சோதிக்க வேண்டும். பிரேக் தேறாத காருக்கு டர்போ இல்லை. இறுதியாக, அம்மாற்றம் பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் ஏற வேண்டும். கட்டணம் கூடுமாயின் கூடட்டும். குதிரைகளை விரும்புபவர் கொள்ளுக்கும் பணம் வைத்திருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தால் செலவு மிகும். பலர் ஆசையைக் கைவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கணக்குப் பார்த்துக் கைவிடுபவருக்குக் கார் மிஞ்சும். கைவிடாதவரின் கார் சோதிக்கப்பட்ட காராக இருக்கும். இன்றைய ஏற்பாட்டில் இரண்டும் இல்லை.

என் நண்பரின் பாலியோ இப்பொழுது டர்போ இன்றியே ஓடுகின்றது. கழற்றிய டர்போவை அவர் விற்க முயலவில்லை. “இன்னொருவர் வாங்கி அதே பிரேக்கோடு பொருத்துவார்” என்கிறார். என் ஆய்வு மேசைமேல் தாள்கனமாக அது கிடக்கின்றது. இப்பதிவை எழுதும்போதும் எதிரில் இருக்கின்றது.

மறுப்பவர்கள் மறுக்கலாம். ஒரே வேண்டுகோள்: “தாங்கும்” என்ற சொல்லோடு வராமல், எண்களோடு வாருங்கள். எத்தனை டிகிரி, எத்தனை பார், எந்தப் பிரேக் என்று எழுதுங்கள். எழுத முடியாதவர், தாம் விற்ற டர்போவின் பட்டியலையாவது அதன் சொந்தப் பெயரில் எழுதித் தரட்டும்.